கண்டம் செய்த கால்கள்

மெமோ வந்து இன்றோடு ஒன்பது நாள். பதினைந்து நாளுக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும். ஒன்றரைப் பக்கத்தில் பிரிவு, உட்பிரிவு என்று என்னென்னவோ போட்டிருக்கிறார்கள். சாரம் இதுதான்: உபயோகமில்லை என்று கண்டம் செய்யப்பட்டு ஸ்டோரில் கிடந்த அரசுச் சொத்தை நான் அனுமதியில்லாமல் எடுத்து, தகுதியற்ற நபர் ஒருவருக்குப் பொருத்திவிட்டேனாம்.

அந்த அரசுச் சொத்து ஒரு முழங்கால் மூட்டு. எஃகு. உள்ளங்கையில் வைத்தால் அரைக் கிலோவுக்கு மேல் கனக்கும். அந்தத் தகுதியற்ற நபர், 1988-இல் முல்லைத்தீவுக் காட்டில் மிதிவெடியில் இடது காலைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஒரு நாயக்.

தகுதியற்றவர். ஐயா, டைப் அடித்த பிறகு அந்தச் சொல்லை ஒருமுறையாவது வாய்விட்டுப் படித்துப் பார்த்தீர்களா? இல்லை, பழைய மெமோ ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினீர்களா?

முன்னாள் படைவீரர்களுக்குச் செயற்கைக் கால், கை, காலிப்பர், ஊன்றுகோல், சக்கர நாற்காலி எல்லாம் கொடுக்கிற ஒரு சின்னப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். மூன்று அறை, ஒரு பிளாஸ்டர் தொட்டி, ஒரு சூளை, நடை பழக இணைக்கம்பி ஒரு ஜோடி, ஒப்பந்தத்தில் வேலை செய்யும் டெக்னீஷியன் தம்பி ஒருவர், துரு ஏறிய பீரோ நாலு. ஊர் எது, ஆபீஸ் எது என்று எழுதமாட்டேன். எழுதினால் அதற்குத் தனியாக ஒரு மெமோ வரும்.

நானும் கட்டைக்கால்காரன்தான். ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தேன். பெங்களூரில் எங்களையெல்லாம் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகாரியும் அப்படித்தான் கூப்பிடுவார், எதிரே வரும் வேறு ரெஜிமென்ட்காரனும் அப்படித்தான். 2001 டிசம்பர் 13-ஆம் தேதி நாடாளுமன்றத்தைத் தாக்கினார்கள். அந்த மாதமே படைகள் எல்லைக்கு நகர்ந்தன. ராஜஸ்தான் மணலில் நாங்கள் வரிசை வரிசையாக மிதிவெடி புதைத்தோம். போர் வரும் வரும் என்று பத்து மாதம் காத்துக் கிடந்தோம், வரவில்லை. 2002 அக்டோபரில் விலகச் சொல்லிவிட்டார்கள். புதைத்தவனே தோண்டி எடுக்க வேண்டும். மணல்மேடு ஓரிடத்தில் நிற்காது, காற்றோடு நகரும். வரைபடம் மட்டும் நகராமல் இருந்த இடத்திலேயே இருக்கும். வரைபடத்தில் பத்திரம் என்று போட்டிருந்த இடத்தில்தான் வலது காலை வைத்தேன்.

எதிரி வைத்த வெடியில்லை. நாங்கள் வைத்தது. என் கையாலேயே வைத்ததாகக்கூட இருக்கலாம். மிதிவெடியைத் தடை செய்யும் 1997-ஆம் ஆண்டு ஒட்டாவா உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அது வேறு கதை, பெரியவர்கள் பேசட்டும். எனக்கு என் கால் கதைதான் தெரியும்.

அங்கிருந்து புனே. அங்கே ராணுவத்தின் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. 1944-இல், இரண்டாம் உலகப் போரிலிருந்து கை கால் இல்லாமல் திரும்பிய சிப்பாய்களுக்காக ஆரம்பித்தது. பக்கத்திலேயே கிர்க்கியில் இன்னும் பழைய இடம் ஒன்று உண்டு. முதல் உலகப் போரில் ஊனமானவர்களுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க 1917-இல் பம்பாயில் தொடங்கி, பிறகு அங்கே மாற்றிய குவீன் மேரீஸ் தொழிற்பள்ளி. கால் போனவனை என்ன செய்வது என்று இந்த நாட்டுக்கு நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். தெரியாமல் நடக்கிற தப்பு இல்லை இது.

புனேயில் எனக்கு அளவெடுத்தவர் ஒரு மராட்டியர், வயதானவர். துண்டுக்காலின் மேல் ஈர உறையை மாட்டி, அதன் மேல் மைப்பென்சிலால் கோடு போட்டார். இங்கே கெண்டைக்காலின் வெளிப்பக்க எலும்பு முண்டு, இது உரசக்கூடாது. இங்கே முன்னெலும்பின் விளிம்பு, இதுவும் உரசக்கூடாது. முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநார், இது தாங்கும், பாரத்தை இது மேலே வை. பிறகு பிளாஸ்டர் துணியைச் சுற்றிவிட்டு, அந்தத் தசைநாருக்கு இரண்டு பக்கமும் தன் கட்டைவிரல்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டர் சூடேறி இறுகும்வரை விரலை எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். அந்த ஐந்து நிமிஷமும் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, ஊரில் மாடு இருக்கிறதா, எத்தனை லிட்டர் கறக்கும் என்று இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு கட்டைவிரல் பள்ளத்தின் மேலேதான் நான் முதலில் எழுந்து நின்றேன். இன்று துண்டுக்காலை விட்டிருக்கிற சாக்கெட் எத்தனையாவது என்று நினைவில்லை, ஆனால் பள்ளம் அதே இடத்தில்தான்.

கால் என்பது கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கிற சாமான் இல்லை. மேஜை, நாற்காலி மாதிரி இல்லை. வெட்டின கால் முதல் ஒரு வருஷம் சுருங்கிக்கொண்டே போகும். அதற்கப்புறமும் சும்மா இருக்காது. காலையில் எழுந்ததும் ஒரு பருமன், சாயங்காலம் இன்னொன்று. ஐப்பசியில் ஒரு மாதிரி, சித்திரை வெயிலில் வேர்த்து வேறு மாதிரி. உடம்பு ஐந்து கிலோ இளைத்தால் போதும், நேற்றுவரை கச்சிதமாக இருந்த சாக்கெட் இன்று உரலுக்குள் விட்ட உலக்கை மாதிரி ஆடும். உறை மேல் உறையாகப் போட்டு ஈடுகட்டுவோம். மூன்று உறை, நாலு உறை. ஐந்தைத் தாண்டினால் சாக்கெட்டையே மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் எலும்பு முண்டு போய்ச் சுவரில் இடிக்கும், தோல் உரியும், புண்ணாகும்.

இது எங்களைப் போன்றவர்களுக்குப் பாலபாடம். ஃபைலுக்குப் புரியாது. ஃபைலில் 'வழங்கப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் விழுந்ததும் அந்த மனிதருக்குக் கால் முளைத்துவிட்டது என்று அர்த்தம்.

அளவெடுக்கிற நாளுக்கும் கால் கைக்கு வருகிற நாளுக்கும் நடுவில் என்ன நடக்கிறது தெரியுமா? மதிப்பீடு போகும். "மருத்துவச் சான்று பழையதாக உள்ளது" என்று திரும்பி வரும். புதுச் சான்று போகும். கால் இல்லை என்பதற்கு, ஐயா. 1988-இல் இல்லாமல் போன கால் இன்னும் இல்லை என்பதற்கு. அப்புறம் கொட்டேஷன், அப்புறம் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டல், அப்புறம் எல்-1. குறைந்த விலைக்காரன் எவனோ அவன்தான் எங்களுக்குத் தெய்வம். அந்தத் தெய்வம் அனுப்பிய பாதங்களில் பாதி, மூன்றே மாதத்தில் குதிகால் ரப்பர் பிளந்து வாய் திறந்தது. புகார் எழுதினேன். "பொருளைப் பெற்றுக்கொண்டபோது நல்ல நிலையில் இருந்ததாகத் தாங்களே சான்றளித்துள்ளீர்கள்" என்று பதில் வந்தது. ஆமாம், அட்டைப்பெட்டியில் இருந்தபோது நல்ல நிலையில்தான் இருந்தது. நடந்தபோதுதான் பிளந்தது. நடப்பதற்காக வாங்கினோம் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

ஒரு மார்ச் மாதம். முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்று மேலே இருந்தவர்கள் பறந்தார்கள். நான் கொடுத்த பட்டியலில் இடது இத்தனை, வலது இத்தனை, இருபத்தைந்து சென்டிமீட்டர் இத்தனை, இருபத்தாறு இத்தனை என்று தெளிவாக எழுதியிருந்தேன். யாரோ அதைச் சுருக்கி 'பாதம் – 24' என்று ஆர்டர் போட்டுவிட்டார்கள். பெட்டியைப் பிரித்தால் இருபத்துநாலும் வலது. எல்லாம் ஒரே அளவு. டெக்னீஷியன் தம்பி ஒவ்வொன்றாக எடுத்து மேஜை மேல் அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு, "சார், இந்தப் பாதம் பொருந்தணும்னா இனிமே எல்லாரும் வலது கால்லதான் சார் மிதிக்கணும்" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தோம். வெளியே பெஞ்சில் இடது கால் இல்லாத ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்று. வாங்குகிற பாதமெல்லாம் ஷூ போட்டால்தான் நடக்க முடிகிற ரகம். கணுக்கால் மடங்காது. எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பென்ஷனோடு கொஞ்சம் நிலமும் பார்க்கிறவர்கள். வரப்பில் வெறுங்காலோடு நடக்க வேண்டும், சேற்றில் இறங்க வேண்டும், குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், பந்தியில் சம்மணம் போட வேண்டும். இதற்கென்றே ராம் சந்தர் சர்மா என்ற சிற்பக் கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து ரப்பரில் உருவாக்கியதுதான் ஜெய்ப்பூர் கால். உலகத்துக்கே தெரிந்த சமாச்சாரம். கேட்டு எழுதினேன். "ஒப்புதல் பெற்ற விவரக்குறிப்பில் இல்லை." விவரக்குறிப்பு எழுதியவர் எந்தக் கழனியில் இறங்கினார்?

சரி, நாயக் அண்ணன் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். நான் அண்ணன் என்றும் அவர் தம்பி என்றும்தான் பேசிக்கொள்வோம். எங்கள் பக்கம், வேலூரைச் சுற்றி, பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பாத தெருவே கிடையாது. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படி ஒரு தெருவிலிருந்து போனவர். அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனபோது இருபத்துநாலு வயசுகூட ஆகவில்லை. அவர் மிதித்தது புலிகளின் ஜொனி மிதிவெடி. அதைப் பற்றி அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வெடிச்சதும் 'அம்மா'ன்னு கத்தினேன் தம்பி. காட்டுக்குள்ள எங்கயோ, அதே தமிழ்ல யாரோ பேசிக்கிட்டது கேட்டுச்சு."

1990 மார்ச்சில் கடைசிப் படையணி கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. அதற்கு அவர் சொன்ன நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அந்தப் படையால் தமிழர்களுக்கு என்னென்ன நடந்தது என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். அண்ணனும் அதை மறுத்துப் பேச மாட்டார். அனுப்பியவர்களும் அதற்கு அண்ணன்தான் காரணம் என்று சொல்லவில்லை, எதிர்த்தவர்களும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் டீக்கடையில் அவர் அமைதிப்படை என்று சொல்லிக்கொண்டதேயில்லை. கால் என்னாச்சு என்று கேட்டால், "லாரி ஏறிடுச்சு" என்பார். இருபது வருஷம் ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி. பன்னிரண்டு மணி நேர டியூட்டி, பாதி நேரம் நின்றுகொண்டு.

சர்க்கரை வந்தது. இளைத்தார். பழைய சாக்கெட் ஆட ஆரம்பித்தது. ஆவணியில் எங்களிடம் வந்து அளவு கொடுத்தார். தம்பி கச்சிதமாக அச்செடுத்தார், நானும் கூட நின்றேன். கால் வந்தது சித்திரையில். எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் அவர் இன்னும் ஏழெட்டுக் கிலோ இறங்கிவிட்டார். புதுச் சாக்கெட்டுக்குள் காலை விட்டால் கடகடவென்று ஆடுகிறது. ஆறு உறை போட்டோம். "பரவால்ல தம்பி, ஓட்டிக்கலாம்" என்றார். ஓட்டக்கூடாது என்று எனக்குத் தெரியும். சர்க்கரைக்காரருக்குக் காலில் வலி தெரியாது, புண் வந்தால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சாக்கெட்டை மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே எழுதினேன்.

அன்றைக்கே இன்னொன்றும் எழுதினேன். அதைச் சொல்லாமல் இந்த ஒப்பாரியை வைக்க எனக்கு யோக்கியதை இல்லை. ரெஜிஸ்டரில் 'திருப்திகரமாகப் பொருத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அந்த வரி இல்லாமல் பில் பாஸ் ஆகாது. அந்த பில் பாஸ் ஆகாவிட்டால், அதே ஆர்டரில் வரவேண்டிய இன்னும் பதினோரு பேருடைய கால் வராது. பதினோரு பேரை ஒரு தட்டிலும் அண்ணனை ஒரு தட்டிலும் வைத்தேன். வைக்க வேண்டிய நிலைமையை எனக்குக் கொடுத்தது யார் என்று இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை. பேனாவை எடுத்தேன், எழுதினேன்.

சாக்கெட் மாற்றக் கேட்ட கடிதத்துக்கு ஐந்து வாரம் கழித்துப் பதில்: 'பயனாளிக்குத் திருப்திகரமாகப் பொருத்தப்பட்டதாகப் பதிவேட்டில் உள்ளது.' என் கையெழுத்தை எடுத்து எனக்கே காட்டினார்கள்.

ஆடி மாதம் புண் வந்தது. வெளிப்பக்கம், அந்த எலும்பு முண்டு மேலேயே. அவர் பார்க்கவில்லை; பார்த்த சம்சாரம் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். டியூட்டிக்குப் போனால்தான் சம்பளம் என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறார். புரையோடியது. புரட்டாசியில் முழங்காலுக்கு மேலே வெட்டினார்கள். வெடி விட்டு வைத்திருந்த முழங்காலை நாங்கள் எடுத்துவிட்டோம்.

முழங்கால் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று கால் உள்ளவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியுமா, தெரியவில்லை. முழங்கால் இருந்தால் படி ஏறலாம், சைக்கிள் மிதிக்கலாம், இருட்டில் கக்கூஸுக்குப் போகலாம். அது போனால் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பிலிருந்து வீசிப் போட வேண்டும். மூட்டு சரியான நேரத்தில் பூட்டிக்கொள்ளவில்லை என்றால் அப்படியே மடங்கி விழ வேண்டியதுதான். முன்னைவிட மூச்சு அதிகமாக வாங்கும். அறுபது வயதில் இதை அவர் முதலிலிருந்து பழக வேண்டும்.

புதுக் கால் கேட்டு எழுதினேன். முழங்காலுக்கு மேல், மூட்டோடு. பதில் சீக்கிரம் வந்தது, இதற்கு மட்டும் பத்தே நாளில். 'மேற்படி பயனாளிக்கு நடப்பு மூன்றாண்டுத் தொகுப்பில் ஏற்கெனவே ஒரு செயற்கைக் கால் வழங்கப்பட்டுவிட்டதால் தகுதியில்லை.' அந்தக் கால் போடுவதற்கு இப்போது அவருக்கு முழங்காலே இல்லை என்று எழுதினேன். போனில் கூப்பிட்டேன். எதிர்முனையில் ஒரு சின்னப் பையன். மரியாதையாகத்தான் பேசினான். "சார், சிஸ்டத்துல இஷ்யூடுன்னு காட்டுது சார். அத ரிட்டர்ன் பண்ணச் சொல்லுங்க, பார்க்கலாம்." எதை ரிட்டர்ன் பண்ணுவது? காலையா, முழங்காலையா?

கண்டம் அறை என்று ஒன்று இருக்கிறது எங்களிடம். திரும்பி வருகிற பழைய கால்களை அங்கே போடுவோம். ஷூவோடு சிலது, சாக்ஸோடு சிலது. ஒன்றில் உள்ளே விபூதி வாசனை அடிக்கும். மூன்று பேர் கொண்ட குழு வந்து பார்த்து, இவை இனி உபயோகப்படாது என்று எழுதிக் கையெழுத்துப் போடும். பிறகு ஹேக்ஸாவால் அறுத்து, கிலோ கணக்கில் பழைய இரும்புக்குப் போகும். அறுப்பது ஏன் என்றால், யாராவது எடுத்து மாட்டிக்கொண்டுவிடக் கூடாதே.

போன தையில் ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுக்கிற மஞ்சள் பையில் ஒரு காலை வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவள் அப்பா ஒரு ஹவில்தார், முழங்காலுக்கு மேல் போனவர், மாரடைப்பில் இறந்துவிட்டார். "கூடவே வெச்சு எரிச்சிடலாம்னாங்க சார். எனக்கு மனசு வரல. வேற யாருக்காவது ஆகும்ல?" என்றாள். பையை வாங்கும்போது அவள் கை விடவில்லை, இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. மூட்டு ஒரு வருஷம்கூட ஓடாதது. அசைத்தால் சத்தமில்லாமல் மடங்கி, நிமிர்ந்து 'டக்' என்று பூட்டிக்கொண்டது. ஆகும்மா, கண்டிப்பாக ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். வரவு வைத்தேன். குழு வந்தது. கண்டம் என்று எழுதியது. ரத்தம் பட்ட கத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள், தொடக்கூட இல்லை.

அதைத்தான் எடுத்தேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், எல்லோரும் போன பிறகு, தம்பியும் நானும். அண்ணன் தொடைக்குத் தம்பி அச்செடுத்தார். உட்காரும் எலும்பு சாக்கெட் விளிம்பில் வந்து உட்கார வேண்டும், அதற்காக அச்சு காயும்வரை தன் கையை அண்ணனின் இடுப்புக்கடியில் கொடுத்தபடியே நின்றார். புனேக்காரரின் கட்டைவிரல்கள் ஞாபகம் வந்தன. பிளாஸ்டிக் தகடு என் காசு. ரசீது இருக்கிறது, மெமோவுக்குப் பதிலோடு இணைப்பேன். சூளையில் வைத்தால் அந்த வெள்ளைத் தகடு மெல்ல மெல்லக் கண்ணாடி மாதிரி தெளியும். தெளிந்த கணத்தில் எடுத்து அச்சின் மேல் போர்த்த வேண்டும், ஒரு நிமிஷம் தாமதித்தால் போச்சு. தம்பிக்குச் சம்பளம் மூன்று மாதமாக வரவில்லை. அவர் கை நடுங்கவில்லை.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பழைய இரும்புக்கு அரைக் கிலோ எடை குறைந்திருக்கும். அதைக் கணக்குப் பார்த்து என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் பிடிக்கச் சொல்லியிருப்பது புது மூட்டின் விலையை. அதாவது கண்டம் செய்யும்போது அது குப்பை, என்னிடம் பிடிக்கும்போது அது புத்தம் புதுசு.

டிசம்பர் 7 வந்தால் எங்கள் ஆபீஸுக்குக் கொடிநாள் களை வந்துவிடும். 1949-லிருந்து நடக்கிறது, உண்டியல் குலுக்கிச் சட்டையில் சின்னக் கொடி குத்துவார்கள். ஒரு வருஷம் மேடை போட்டு, சிறப்பு விருந்தினர் கையால் கால் வழங்கும் விழா. அச்சு முடிந்து, நடக்கவிட்டுப் பார்க்காத, திருகு முடுக்காத காலுக்கு ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கியவர் ஊன்றுகோலோடு நின்று, ஒரு கையால் சல்யூட் அடிப்பதா, ஒரு கையால் காலைப் பிடிப்பதா என்று தடுமாறினார். போட்டோ எடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் வந்ததும் காலை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், வேலை பாக்கி இருந்ததே. அது அவர் கைக்குப் போக இன்னும் நாலு மாதம் ஆயிற்று. போட்டோ இன்னும் வராந்தாவில் தொங்குகிறது. மெமோ வாங்கிக்கொண்டு வரும்போது அதற்குக் கீழேதான் நடந்து வந்தேன்.

இதெல்லாம் எங்கள் ஒரு ஆபீஸின் கோணல் என்று நினைத்துவிட வேண்டாம். 2014 நவம்பரில் டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்தது. விரலை வைத்தால் போதும், வரிசையில் நிற்க வேண்டாம் என்றார்கள். இரண்டு கையும் போன சிப்பாய் எந்த விரலை வைப்பான்? முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்கிற வசதி வர 2021 நவம்பர் ஆனது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஊன்றுகோலுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஐந்து சதவீதம் போட்டார்கள். 2019 ஜூனில் ஒரு சுற்றறிக்கை: ஊனத்தால் பாதியில் வெளியேற்றப்பட்டவருக்குத்தான் ஊன ஓய்வூதியத்தில் வருமான வரி விலக்கு; ஊனத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு முழு சர்வீஸும் முடித்தவருக்குக் கிடையாதாம். கால் போன பிறகும் வேலை பார்த்தாயா, அப்படியானால் வரி கட்டு. சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். இந்த மனிதர்கள் எதற்குத்தான் கோர்ட்டுக்குப் போகவில்லை? கால் இல்லாதவனை இத்தனை படி ஏறவிட்ட நாடு வேறு எங்கே இருக்கிறது?

மெமோவின் நாலாவது பத்திக்கு வருகிறேன். 'மேற்படி உதிரிபாகத்தை உடனடியாகப் பயனாளியிடமிருந்து கழற்றி, ஸ்டோரில் ஒப்படைத்து, ரசீது பெற்று இணைக்கவும்.'

நேற்று வியாழக்கிழமை அண்ணன் வந்தார். மெமோ சங்கதி அவருக்குத் தெரியாது. இணைக்கம்பிக்குள் நிறுத்தினோம். முதல் முறை மூட்டு மடங்கிவிட்டது, தம்பி அக்குளில் தாங்கிப் பிடித்தார். பாதத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளிவைத்துத் திருகை முடுக்கினேன். இரண்டாவது முறை நின்றார். இடுப்பை வீசினார். காலை ஊன்றினார். 'டக்'. அடுத்தது. 'டக்'. ஏழாவது அடியில் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். கோடியில் போய்த் திரும்பி நின்று, "யாரோட மூட்டு தம்பி இது? நல்லாப் பழக்கப்பட்ட மூட்டா இருக்கே" என்றார். ஒரு ஹவில்தாருடையது என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கம்பியைப் பிடிக்காமலே விறைப்பாக நிமிர்ந்து, யாரும் இல்லாத சுவரைப் பார்த்து ஒரு சல்யூட் வைத்தார்.

அந்த மூட்டைக் கழற்ற நாலு மில்லிமீட்டர் ஆலன் கீ ஒன்று போதும். நாலு திருகு, இரண்டு நிமிஷ வேலை. சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அண்ணன் வருகிற வியாழனும் பத்து மணிக்கு வருவார். உங்களில் யார் வேண்டுமானாலும் வாருங்கள் ஐயா. அவரை உட்காரச் சொல்லி, வேட்டியை விலக்கச் சொல்லி, எதற்காகக் கழற்றுகிறீர்கள் என்பதையும் அவரிடம் நீங்களே சொல்லிவிட்டு, கழற்றிக்கொண்டு போங்கள். ரசீது நான் கேட்க மாட்டேன். என் கை அதைச் செய்யாது.